ஓநாய்க்கு வைத்த மைப்பொட்டு

என் மதினி கோமதி சினிமாவுக்குப் போனால் சினிமா பார்க்க மாட்டாள். முன்வரிசையில் ஓரமாக உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பிப் பின்னால் இருக்கிறவர்களைப் பார்ப்பாள். அதுவும் முகத்தை அல்ல, கையை. பொரியோ கடலையோ எடுத்துக்கொண்டு வாய்க்குப் போகிற கை பாதி வழியில் நிற்கிறதா என்பதுதான் அவளுடைய கணக்கு.

"சிரிப்பு பொய் சொல்லும் ஜெயா. கைதட்டலும் பொய் சொல்லும். பக்கத்துல இருக்கவன் தட்டுதானேன்னு இவனும் தட்டுவான். வாய்க்குப் போற கை மட்டும் பொய் சொல்லாது" என்பாள்.

இந்தக் கணக்கில் சேராத ஒரே ஆள் நான். ஊரே மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும் படத்தில்கூட என் கை பொட்டலத்துக்கும் வாய்க்கும் இடையே தவறாமல் போய் வந்துகொண்டிருக்கும். அழுவதற்கு வீட்டிலும் ஆபீஸிலும் எவ்வளவோ இருக்க, டிக்கெட் வாங்கி இருட்டில் உட்கார்ந்து அழுவானேன் என்பது என் கட்சி. "உனக்கு நெஞ்சுல கல்லுதான்ட்டி இருக்கு" என்பாள் அவள். வயிற்றில் பசி இருக்கிறது என்பேன் நான்.

பெயருக்குத்தான் மதினி. என் அண்ணன் பார்த்தசாரதியைக் கட்டிக்கொள்வதற்கு முன்பே அவள் எனக்குத் தோழி. எங்கள் இரண்டு பேருடைய அப்பாக்களும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காகக் கல்கத்தா வந்தவர்கள். அவள் அப்பா கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகம், என் அப்பா துறைமுகம். ஒரே பள்ளிக்கூட வேனில் போய்வந்தோம். வங்காளத்தில் சண்டை போட்டுத் தமிழில் சமாதானம் ஆவோம். அதனால் அண்ணன் பெண்டாட்டி என்கிற மரியாதையெல்லாம் எங்களுக்குள் கிடையாது, நீ, வா, போதான். இப்போது அவள் டாக்குரியாவில் இருக்கிறாள், நான் ஜாதவ்பூரில். லோக்கல் ரயிலில் ஒரு ஸ்டேஷன்.

அவள் வேலை முடி. தமிழ்ச் சங்கத்தில் ஒரு பொங்கல் நாடகத்தின்போது முனிவருக்குத் தாடி பிய்ந்து தொங்கியது. கோமதி ஊசி நூலோடு மேடைக்குப் பின்னால் போய் அதைச் சரிசெய்தாள். வாடகைக்கு விக் கொண்டுவந்திருந்த டாலிகஞ்ச் கடைக்காரர் அந்த முடிச்சைப் பார்த்துவிட்டு, வேலைக்கு வருகிறாயா என்று கேட்டார். போனாள். புராணத் தொடர்களுக்குத் தாடி, ஜாத்ரா நாடக ராஜாக்களுக்கு மீசை, வழுக்கை விழுந்த கதாநாயகர்களுக்குச் சுருள் கிராப்பு என்று இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. நன்றாகச் செய்தால் யாருக்கும் தெரியாது. தாடி ஒட்டுத் தாடி என்று தெரிந்தால்தான் அவளைப் பற்றி யாராவது பேசுவார்கள், அதுவும் திட்டுவதற்காக.

இப்படி இருந்தவளுக்கு ஓநாய் வந்தது.

சைதன்யா என்று ஒரு வங்காளி டைரக்டர். முப்பது வயதிருக்கும், ஒல்லி, சாந்தமான பேச்சு. செல்போனில் பார்க்கிற தொடர் ஒன்று எடுத்துக்கொண்டிருந்தான். பெயர் 'பூர்ணிமார் ஜாமாய்', அதாவது பௌர்ணமி மாப்பிள்ளை. வடக்குக் கல்கத்தா சந்து ஒன்றில் கணக்கு ட்யூஷன் எடுக்கிற பாப்லு என்கிற பையன், பௌர்ணமி வந்தால் ஓநாயாக மாறிவிடுவான். அவனைக் காதலிக்கிற பெண்ணுக்கு நாய் என்றாலே பயம். அவன் அம்மாவுக்கு விஷயம் தெரியாது, தெரிந்தால் உயிரை விட்டுவிடுவாள் என்று பையன் ஒளித்து ஒளித்து வாழ்கிறான். கதை இவ்வளவுதான், நடுவில் நிறைய மீனும் காதலும் வரும்.

"கோமதி தி, எனக்குக் கம்ப்யூட்டர் ஓநாய் வேண்டாம். தொட்டால் கையில் படுகிற மாதிரி இருக்கணும்" என்று சைதன்யா வந்து நின்றான். தி என்றால் வங்காளத்தில் அக்கா. அன்று சாயங்காலம் மதினி முகத்தில் இருந்த வெளிச்சத்தை அவள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. அண்ணனிடம் இதைச் சொன்னேன், அவன் ரசிக்கவில்லை.

குளிர் முடிகிறவரைக்கும் அந்த வீட்டில் சோறு தின்னப் பயமாக இருந்தது. எங்கே பார்த்தாலும் முடி. முகத்துக்கும் கைகளுக்கும் ரப்பர் தோல் வார்த்து, அதில் ஒவ்வொரு முடியாக ஊசியால் குத்தி நட்டாள். சாப்பாட்டு மேஜையில் ஓநாயின் தலை, ஃபிரிட்ஜின் மேல் காதுகள். டாக்குரியா ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் படுத்துக் கிடக்கும் தெருநாய்களைப் பார்த்துவிட்டு வந்து, கழுத்துக்குக் கீழே நிறம் மாறுகிற இடத்தை இரண்டு முறை பிடுங்கி மறுபடி நட்டாள். ஆள்காட்டி விரலிலும் மோதிர விரலிலும் ஊசி பட்டுப் பட்டுத் தோல் தடித்துப்போயிற்று. அண்ணன் ஆபீஸுக்குப் போகும்போது சட்டையில் ஓநாய் முடி ஒட்டிக்கொண்டு போவான்.

"எப்படிட்டி இருக்கான்?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தலையைத் தூக்கிக் காட்டினாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். பார்த்தால் பயமாக இல்லை. கண்ணோரம் கொஞ்சம் சரிந்து, பரீட்சையில் தோற்ற பையன் மாதிரி இருந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, அதை அவளிடம் சொல்ல முடியுமா? "நல்லா இருக்கான்" என்றேன்.

டீசர் வெளியானது பௌஷ மாதக் குளிரில். கல்கத்தாக்காரர்கள் எல்லோரும் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு திரிகிற காலம், நம் மார்கழிதான். தலைமுதல் கழுத்துவரை மூடி முகம் மட்டும் வெளியே தெரிகிற அந்தக் கம்பளிக் குல்லாவைத்தான் ஜனங்கள் ஓநாயிடம் கண்டார்கள். 'ஓநாய்க்குக் குளிர் போலிருக்கு, குரங்குக் குல்லா போட்டிருக்கு' என்று ஒருவன் எழுதினான். அதற்குமேல் கேட்க வேண்டுமா. 'எங்க மாமா டார்ஜிலிங் போனப்ப எடுத்த போட்டோ.' 'இது கடிக்குமா, இல்லை டீ கேட்குமா?' ஒரு பெண் தன் பாட்டி பின்னிய ஸ்வெட்டரின் படத்தைப் போட்டு, இது ஓநாயின் தம்பி என்று எழுதியிருந்தாள்.

மதினி அத்தனையையும் படித்தாள். படிக்காதே என்று அண்ணன் போனைப் பிடுங்கினால் என் போனில் படித்தாள். "இதுல ஒருத்தனாவது கதையைப் பாத்துச் சிரிக்கானா பாரு. எல்லாரும் என் முடியைப் பாத்துத்தான் சிரிக்காவ" என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இதன் பிறகு மும்பையிலிருந்து, தொடரை வெளியிடுகிற கம்பெனிக்காரர்கள் பேசினார்கள். ஓநாய் வருகிற இடங்களை எல்லாம் அழித்துவிட்டுக் கம்ப்யூட்டர் ஓநாயை வைத்துவிடலாம் என்பது அவர்கள் யோசனை. சைதன்யா மன்றாடி ஒரு வாய்ப்பு வாங்கினான். மீதி எபிசோடுகளையும் கோமதியின் ஓநாயை வைத்தே எடுத்து, சாதாரண ஜனங்களைக் கூட்டிப் போட்டுக் காட்டுவது. ஓநாயைப் பார்த்து அவர்கள் கேலியாகச் சிரித்தால் ஓநாய் போகும், அவ்வளவுதான். அதாவது அவள் குத்திய ஒரு முடிகூட யார் கண்ணிலும் படாது. திரும்பவும் தாடிக்கும் மீசைக்கும் போய்ச் சேர வேண்டியதுதான்.

மதினிக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே இல்லை. கண்பட்டுவிட்டது. தலையை முடித்த வாரம் அக்கம்பக்கத்தில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், அதன் பலன்தான் டீசர் என்றாள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று அவள் அம்மா சொல்லுவாளாம்.

மிச்சமிருந்த முக்கியமான காட்சி ஜாமாய் ஷஷ்டி. மாப்பிள்ளையை வீட்டுக்கு அழைத்து மாமியார் மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டி, விசிறியால் வீசி, மீனும் மாம்பழமுமாகத் திணிக்கிற நாள். நமக்குத் தலைதீபாவளி ஒரு தடவையோடு முடிந்துவிடும், இவர்களுக்கு வருஷா வருஷம். கல்யாணமான பாப்லு மாமியார் வீட்டில் இலை முன்னால் உட்காரும்போது மாறிவிடுவான். ஷஷ்டியன்று பௌர்ணமி எங்கிருந்து வரும் என்று கேட்கக் கூடாது. சைதன்யா அதற்கும் வழி வைத்திருந்தான். நிலா அரைகுறை என்பதால் பாப்லுவும் அரைகுறையாகத்தான் மாறுவான். வலது கை, ஒரு காது, ஒரு வால்.

அந்த வலது கைக்காக மதினி ஒரு மாதம் உழைத்தாள். படப்பிடிப்புக்குக் கொண்டுபோகிற அன்று காலையில் நான் அங்கே இருந்தேன். துணியில் பொதிந்து பெட்டியில் வைத்தவள், மறுபடி வெளியே எடுத்தாள். மைடப்பாவைத் திறந்து, மோதிர விரலால் தொட்டு, ஓநாய் உள்ளங்கையின் மெத்தையில், நடுவில், பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். விரலில் மிச்சமிருந்த மையைத் தன் தலைமுடியில் துடைத்துக்கொண்டாள்.

"என்னட்டி பண்ணுதே?" என்றேன்.

"ஓநாய்க்கு இது காலுதானே. புள்ளைக்கு உள்ளங்கால்ல வைக்கோம்லா, அது மாதிரி."

"ஓநாயையே கண்ணு வச்சுட்டா அப்புறம் ஊருக்கு யாரு பயம் காட்டுறது?"

"நீ சும்மா இரு. படம் பிடிக்கதுக்கு முன்னால துடைச்சிருவேன்."

துடைக்கவில்லை. அன்று நாற்காலிக்கு அடியில் படுத்துக்கொண்டு கம்பியை இழுத்து வாலை ஆட்டுகிற வேலையும் அவள் தலையில் விழுந்தது. இலை போட்டு, விளக்கேற்றி, சீக்கிரம் சீக்கிரம் என்றதும் கையை நடிகனுக்கு மாட்டிவிட்டு அடியில் நுழைந்துவிட்டாள். வாலைப் பிடிக்கப் போனவள் காலை மறந்துவிட்டாள்.

காட்சிப்படி மாமியார் கண்ணை மூடிக்கொண்டு மந்திரம் சொல்லி நூல் கட்ட வேண்டும், பழம் வைப்பதற்காகக் கையைத் திருப்பிக் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும், தட்டைப் போட்டுவிட்டு அலற வேண்டும். மாமியாராக நடித்த அம்மாள் நாடகத்தில் ஊறியவர். அவர் அலறவில்லை. கையைப் பார்த்தார், மாம்பழத்தை வைத்து விரல்களை மூடினார். பிறகு யாரும் பார்க்காதபடி தன் முந்தானையை இழுத்து அதன்மேல் போட்டுவிட்டார். வசனத்தை மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று சைதன்யா இன்னொரு முறை எடுத்தான். அதில் நன்றாக அலறினார். ஆனால் எடிட் செய்யும்போது முதலில் எடுத்ததுதான் ஏதோ நன்றாக இருக்கிறது என்று அதையே வைத்துக்கொண்டான். ஏன் நன்றாக இருக்கிறது என்று அவனுக்கும் தெரியவில்லை. சின்ன மானிட்டரில் ஒரு கறுப்புப் புள்ளி எங்கே தெரியும்?

போட்டுக் காட்டியது டாக்குரியாவில் ஒரு கிளப் ஹாலில், மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அந்தப் பேட்டை மாஷிமாக்கள் என்கிற சித்தி, பெரியம்மாக்கள், ரிட்டயரான தாதூக்கள் என்கிற தாத்தாக்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று ஹால் நிறைந்தது. கடைசி வரிசையில் மும்பைக்காரர்கள் இரண்டு பேர் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மதினி ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள், வருகிறவர்களுக்கு எல்லாம் ஜால்முரி கொடுக்க வேண்டும். கடுகெண்ணெய் விட்டுக் கலந்த பொரி, ஆளுக்கு ஒரு காகிதப் பொட்டலம். உபசாரம் என்று சைதன்யா நினைத்தான். கை வாய்க்குப் போக ஏதாவது வேண்டும் அல்லவா.

அவள் முன்வரிசை ஓரத்தில், திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் என் பொட்டலத்தோடு.

பாப்லு மொட்டைமாடியில், காயப்போட்ட சேலைகளுக்கு நடுவே முதல் தடவையாக மாறினான். ஹால் முழுக்கச் சிரிப்பு. நான் மதினியைப் பார்த்தேன். சிரிப்பிலும் அவளுக்கு ஒரு பாகுபாடு உண்டு. சிரிக்கும்போது திரையைப் பார்த்தால் பிரியம், பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்த்தால் கேலி. கல்லூரிப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். "மங்கி கேப்" என்று ஒருவன் சத்தமாகவே சொன்னான். கை ஒன்றுகூட நிற்கவில்லை, பொரி நொறுங்குகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

அடுத்த மாற்றத்துக்குச் சிரிப்பு இன்னும் கூடியது. ஓநாய் வேட்டியைப் பல்லால் பிடித்துக்கொண்டு படியிறங்கியபோது ஒரு மாஷிமா மட்டும் ஐயோ பாவம் என்றார். கடைசி வரிசையில் லேப்டாப்பில் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. மதினி கைகளை மடியில் கோத்துக்கொண்டு எல்லாக் கைகளையும் பார்த்தபடி இருந்தாள். எனக்கு அந்தப் பிள்ளைகளை எழுந்துபோய் நாலு அறை விட வேண்டும் போலிருந்தது. பொரியைத்தான் மென்றேன்.

ஜாமாய் ஷஷ்டி வந்தது. "ஷஷ்டியில் என்னப்பா நிலா, பஞ்சாங்கம் பார்த்தீங்களா இல்லையா?" என்று ஒரு தாதூ எழுந்தே கேட்டார். அரைகுறையாகத்தான் மாறுகிறான், உட்காருங்கள் என்று மற்றவர்கள் அவரை உட்கார வைத்தார்கள். பரவாயில்லை, சண்டை போடுகிற அளவுக்குக் கதைக்குள் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மாமியார் கண்ணை மூடி நூலைக் கட்டினார். கையைத் திருப்பினார். திரை அகலத்துக்கு ஓநாயின் உள்ளங்கை. அதன் நடுவில் ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்கு மதினியின் மைப்பொட்டு.

செத்தோம் என்று நினைத்தேன்.

சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. பொரி நொறுங்குகிற சத்தமும் நின்றுவிட்டது. மதினிக்கு ஒன்றும் புரியவில்லை, அவள்தான் திரையைப் பார்க்கவில்லையே. ஹால் முழுவதும் கைகள் பொட்டலத்துக்கும் வாய்க்கும் நடுவில் நிற்பதை மட்டும் பார்த்தாள். எதற்காக என்று திரும்பித் திரையைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது எனக்கு அந்த இருட்டிலும் தெரிந்தது.

"ஓ மா" என்றார் மூன்றாவது வரிசையில் ஒரு மாஷிமா, மெதுவாக. "உள்ளங்காலில் காஜல் பொட்டு வச்சிருக்கு பாருங்க."

பக்கத்தில் இருந்தவர் சொன்னார், "அப்போ அவன் அம்மாவுக்குத் தெரியும்."

அந்த வார்த்தை வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. அம்மாவுக்குத் தெரியும். பையன் ஒளித்து ஒளித்துச் செத்துக்கொண்டிருக்கிறான், அவளுக்கோ முதலிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டு, அவன் தூங்கும்போது, ஊர்க்கண் படக்கூடாது என்று பொட்டு வைத்திருக்கிறாள். திரையில் மாமியார் அந்தக் கையை முந்தானையால் மூடினார். இப்போது இவளுக்கும் தெரிந்துவிட்டது, இவளும் சொல்லமாட்டாள். மங்கி கேப் என்று சொன்ன பையன் மூக்கை உறிஞ்சினான். வங்காளத்துக் குழந்தைகளுக்கும் நம் குழந்தைகளுக்கும் அதே இடத்தில்தான் பொட்டு வைக்கிறார்கள் என்பது அன்று வரைக்கும் எனக்குத் தோன்றியதே இல்லை.

என் கை நிற்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். பொட்டு வைத்தது யார் என்று எனக்குத்தான் தெரியுமே. இவளை இப்போது வேலையை விட்டு நிறுத்துவார்களே என்கிற பயத்தில் வழக்கத்தைவிட வேகமாகத் தின்றேன்.

விளக்குப் போட்டதும் ஜனங்கள் சைதன்யாவைச் சூழ்ந்துகொண்டார்கள். அம்மாவுக்கு எப்போதிலிருந்து தெரியும், சின்ன வயதிலிருந்தா, அப்பாவும் ஓநாயா? அவன் திருதிருவென்று விழித்தான். கதையில் அப்படி ஒன்றுமே கிடையாது. ஆனாலும் கெட்டிக்காரன், "கடைசி எபிசோடில் தெரியும்" என்று சொல்லிவிட்டு நேராக எங்களிடம் வந்தான்.

"கோமதி தி, அந்தப் பொட்டு?"

மதினி எழுந்து நின்றாள். "நான்தான் வச்சேன். துடைக்க மறந்துட்டேன். தப்புதான்" என்று வங்காளத்தில் சொன்னாள்.

சைதன்யா குனிந்து அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவள் பதறிப் பின்வாங்கியதில் நாற்காலி சாய்ந்தது.

மும்பைக்காரர்கள் இரண்டு நாள் யோசித்தார்கள். ஓநாய் கூரைக்குக் கூரை தாவுகிற இடங்களுக்கு மட்டும் கம்ப்யூட்டர், முகமும் கையும் கோமதியுடையது என்று முடிவாயிற்று. ஆனால் ஒரு நிபந்தனை. அம்மாவுக்குத் தெரியும் என்று ஜனங்களே முடிவு செய்துவிட்டதால் அதைக் காட்டியாக வேண்டும், கடைசி எபிசோடில் அம்மா பொட்டு வைக்கிற காட்சி இருக்க வேண்டும்.

அம்மாவாக நடித்தவர் இளம் வயதுக்காரி, தலையில் மதினி வைத்த நரைமுடி. அவர் வைத்த பொட்டு நெற்றிப் பொட்டு மாதிரி வட்டமாக, அழகாக வந்தது. தூங்குகிற பிள்ளைக்கு அவசரமாக வைக்கிற பொட்டு அப்படியா இருக்கும்? நாலைந்து தடவை எடுத்தும் சரிவராமல், சைதன்யா மதினியின் வளையல்களைக் கழற்றச் சொன்னான். கை மட்டும் தெரிந்தால் போதும் என்றான். என்னிடம் இதைச் சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. "கையில என்னட்டி நடிப்பு? புள்ள முழிச்சிரக் கூடாதேன்னு வச்சேன், அவ்வளவுதான்" என்றாள்.

தொடர் ஜாமாய் ஷஷ்டிக்கு வெளியானது. எல்லோரும் தங்கள் தங்கள் போனில் பார்த்தார்கள் என்றாலும், டாக்குரியா கிளப்காரர்கள் கடைசி எபிசோடை அதே ஹாலில் போட்டார்கள். அது எங்கள் ஓநாய் என்று அவர்களுக்கு ஓர் எண்ணம். ஜூன் மாதப் புழுக்கத்தில் அதே நாற்காலிகள், அதே மாஷிமாக்கள். இந்தத் தடவை ஜால்முரியை அவர்களே கொடுத்தார்கள். மதினி முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்தாள், நான் பக்கத்தில்.

ஓநாய் வந்தது, சிரித்தார்கள். எல்லோரும் திரையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பௌர்ணமிக்கு மறுநாள் காலை. பாப்லு தூங்குகிறான். போர்வைக்கு வெளியே ஒரு கை மட்டும் இன்னும் மனிதக் கையாகவில்லை. ஜன்னல் பக்கமிருந்து ஒரு பெண்ணின் கை வருகிறது. வளையல் இல்லாத கை, ஊசி பட்டுப் பட்டுத் தடித்துப்போன மோதிர விரல். அது மைடப்பாவைத் தொடுகிறது. முடியை ஒதுக்கி, உள்ளங்கையைப் பாதி திருப்பி, அழுத்தாமல் ஒரு பொட்டு வைக்கிறது. போர்வையை இழுத்து மூடிவிட்டு மேலே போகிறது, திரையை விட்டு வெளியே.

அந்தக் கை எங்கே போகிறது என்று அந்த ஹாலில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். மிச்ச மையைத் துடைக்கத் தலைமுடிக்குப் போகிறது. சாப்பாட்டு மேஜையில் அன்று காலை நான் கிண்டல் செய்துகொண்டிருந்தபோது போன மாதிரி. இருபது வருஷம் யாருக்கும் தெரியாமல் தாடி நட்ட கை அது. இப்போதும் அது யாருடைய கை என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தக் கையின்மேல் எனக்கு வந்த பிரியத்தைத் தாங்க முடியவில்லை.

ஹாலில் யார் கை நின்றது, யார் கை போயிற்று என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. திரையில் வேறு காட்சி வந்து வெகு நேரம் ஆன பிறகுதான் பக்கத்தில் மதினி அசையாமல் இருப்பது தெரிந்தது. அவள் திரையையும் பார்க்கவில்லை, பின்வரிசைகளையும் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொட்டலத்துக்கும் வாய்க்கும் நடுவில், ஒரு பிடி பொரியோடு, அது அப்படியே நின்றிருந்தது.